குறிப்புக் கட்டத்தில் இழுத்த கோடு

புதிதாக வேலையில் சேர்ந்த டீச்சர்மார்களுக்கு நாலு நல்ல வார்த்தை பேச வேண்டும் என்று போன வாரம் உங்களில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து கேட்டீர்கள். பேச வரமாட்டேன், எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். கிழவிக்குக் கர்வம் என்று நினைத்திருப்பீர்கள். கர்வம் எல்லாம் எப்போதோ கரைந்து போயாயிற்று. நான் சொல்லப் போகிற விஷயத்தை வாயால் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன். மேடையில் நின்று அழுது காட்டுகிற வயசு எனக்கு இல்லை.

கரும்பலகையில் எழுத்து கோணாமல் இருக்க என்ன செய்வது, கத்துகிற வகுப்பை எப்படி அடக்குவது என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். ஆறு மாதம் போனால் உங்களுக்கே வந்துவிடும். வராதவர்களுக்கு நான் சொல்லியும் வராது. வகுப்பில் செய்கிற தப்பு பெரும்பாலும் வகுப்பிலேயே சரியாகிவிடுகிறது. கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டால் ஒரு பிள்ளை எழுந்து சொல்லும், அழித்துவிட்டுத் திரும்பப் போடுவீர்கள். வகுப்பு முடிந்த பிறகு மேஜையில் உட்கார்ந்து பேனாவால் செய்கிற தப்பு இருக்கிறதே, அதை எழுந்து சொல்ல ஆள் கிடையாது. விண்ணப்பப் பாரம் நிரப்புவது குமாஸ்தா வேலை, அதை எங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்று நீங்கள் சலித்துக்கொண்டது என் காதிலும் விழுந்தது. நானும் அப்படிச் சலித்துக்கொண்டவள்தான்.

ஐம்பதுகளில் நடந்தது இது. காரைக்காலில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புகளுக்கு நான் டீச்சர். உங்கள் கணக்கில் ஆறாவதிலிருந்து எட்டாவது வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுச்சேரியிலிருந்து தினமும் வந்து போவேன். நெல்லும் மாடுமாக இருந்த வீட்டில் உத்தியோகத்துக்குப் போன முதல் பெண் நான். அந்த மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது. அது தெரிந்தால்தான் நான் செய்தது உங்களுக்குப் புரியும்.

எங்களுக்கு அப்போது மார்க் இருபதுக்கு. பிரெஞ்சுக்காரர்கள் காலத்து வழக்கம். இருபதுக்குப் பத்து வாங்கினால் பாஸ், பன்னிரண்டு வாங்கினால் கெட்டிக்காரி, பதினாலு வாங்கிவிட்டால் அந்தத் தெருவுக்கே தெரிந்துவிடும். பதினாறுக்கு மேல் யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. நான் படிக்கிற காலத்தில் ஒரு தடவை பூகோளத்தில் பதினஞ்சு வாங்கினேன். எங்கள் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதை வீட்டுல சொல்லிக்கிட்டுத் திரியாதே" என்று எச்சரித்து அனுப்பினார். மார்க் என்பது கிள்ளிக் கொடுக்க வேண்டிய வஸ்து என்று எங்களுக்குப் படிந்துவிட்டது. நானும் டீச்சர் ஆனதும் அப்படியே கிள்ளிக் கொடுத்தேன். அள்ளிக் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இளப்பம்.

பிறகு ஒரு நாள் கொடி மாறியது, பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியது. ஊரில் மேளமும் ஊர்வலமும் அமர்க்களப்பட்டது. பள்ளிக்கூடத்தில் என்ன மாறியது என்று கேட்டால், முதலில் ஒன்றும் மாறவில்லை. அதே பெஞ்சு, அதே மணி, அதே பிள்ளைகள். பாடப்புத்தகம் வரும் வரும் என்றார்கள், வந்தபாடில்லை. ஆனால் பாரங்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. அதுவரை பாண்டிச்சேரிக்கு மட்டும் எழுதிக்கொண்டிருந்த நாங்கள், திடீரென்று தஞ்சாவூர்ச் சீமைக்கும் சென்னைப் பட்டணத்துக்கும் எழுத வேண்டியதாயிற்று. அவர்கள் வழக்கம் எங்களுக்குத் தெரியாது, எங்கள் வழக்கம் அவர்களுக்குத் தெரியாது. தெரியாது என்பதே இரண்டு பக்கத்துக்கும் தெரியாது. அதுதான் வினையாயிற்று.

என் வகுப்பில் ஜெய்னம்பு நாச்சியா என்று ஒரு பெண். கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். வாப்பாவுக்கு, அவள் தகப்பனாருக்கு, சைகோனில் ஜவுளி வியாபாரம். கப்பலேறிப் போய் வருஷக்கணக்காகிறது, கடிதம் மட்டும் வரும். அந்தத் தெருப் பெண் பிள்ளைகளை வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுவார்கள். அவர்களை மட்டும் சொல்வானேன், எங்கள் கோட்டுச்சேரியிலும் வரிச்சிக்குடியிலும் அதே கதைதான். நடவுக்கு அனுப்புவார்கள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பமாட்டார்கள். ஜெய்னம்பு மட்டும் நிற்காமல் வந்ததற்கு அவள் அம்மா, உம்மா என்பார்கள், அவர்தான் காரணம். எழுதப் படிக்கத் தெரியாத மனுஷி. வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, தினமும் காலையில் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வந்து பெண்ணை விட்டுவிட்டுப் போவார். சாயங்காலம் அதே இடத்தில் வந்து நிற்பார். மழைக்கும் அப்படித்தான், வெயிலுக்கும் அப்படித்தான்.

பெண் எப்படி என்று கேட்கிறீர்களா? மூன்று வருஷம் நான் அவளுக்குப் பாடம் எடுத்தேன், மூன்று வருஷமும் அவள்தான் முதல். அதற்கு மேல் ஒரு விஷயம் இருந்தது. இடைவேளையில் கணக்கு வராத பிள்ளைகள் நாலைந்து பேர் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு பின்னக் கணக்கு சொல்லிக் கொடுப்பாள். ஒரு நாள் ஜன்னல் ஓரமாக நின்று கேட்டேன். நான் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியதை அவள் பத்து நிமிஷத்தில் அந்தப் பிள்ளைகள் மண்டையில் ஏற்றிவிட்டாள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அவளிடம் ஒரு வார்த்தை பாராட்டிச் சொல்லவில்லை. சொல்கிற வழக்கம் இல்லை.

அந்த வருஷம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளி ஒன்றில், எங்கள் பக்கத்துப் பெண்களும் மனுப் போடலாம் என்று தகவல் வந்தது. எட்டாவது முடித்தவர்களையும் எடுத்துக்கொண்ட காலம். தங்க இடம், சாப்பாடு எல்லாம் சர்க்காரே கொடுக்கும். எங்கள் பக்கத்தில் பொதுப் பரீட்சை இன்னும் ஆரம்பிக்காததால், பள்ளிக்கூடம் எழுதிக் கொடுக்கிற மார்க்கை வைத்தே எடுத்துக்கொள்வார்கள் என்று சொன்னார்கள்.

மறுநாள் ஜெய்னம்புவின் உம்மா வாசலில் நிற்காமல் உள்ளே வந்தார். எனக்கு எதிரே நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"டீச்சரம்மா, சுத்தி வளைக்காமச் சொல்லிடுறேன். இவ வாப்பாவோட அண்ணன், பெரிய வாப்பா, இவளுக்குச் சம்பந்தம் பேசுறாங்க. நல்ல எடம்தான், கொறை சொல்றதுக்கில்ல. ஆனா புள்ளைக்கு டீச்சர் ஆகணும்னு இருக்கு. நான் பெரிய வாப்பாகிட்ட மல்லுக்கு நின்னு பாத்தேன். அவங்க கடைசியில ஒண்ணு சொன்னாங்க. சர்க்கார் இவளைக் கூப்புட்டுச்சுன்னா போவட்டும், நான் குறுக்க நிக்கமாட்டேன். கூப்புடலைன்னா அதுதான் அவ நசீபு, நிக்காஹ் நடக்கட்டும்னு."

"சம்மதிச்சாங்களா?" என்று நான் ஆச்சரியப்பட்டுக் கேட்டேன்.

"அவங்க சொன்னா சொன்னதுதான். எங்க தெருவுல ஒரு பொம்பள டீச்சரா வந்தா, மத்த புள்ளைங்களையும் நிறுத்தாம அனுப்புவாங்கன்னு நான்தான் பேசிப் பேசிக் கரைச்சேன். சும்மா ஆசையில பேசுறியா, புள்ளைக்கு நெசமாவே அறிவு இருக்கான்னு கேட்டாங்க. இருக்குன்னு சொல்லிட்டேன். இருக்குதானே டீச்சரம்மா?"

"இருக்கு. நல்லாப் படிக்கிறா" என்றேன். நல்லாப் படிக்கிறா என்று ஒரு தாயிடம் நான் சொன்னது என் சர்வீஸிலேயே அதுதான் முதல் தடவை. அந்த அம்மாள் முகத்தைத் துப்பட்டியால் துடைத்துக்கொண்டு போனார்.

பாரம் வந்தது. நான்கு பக்கம். அதை நிரப்ப வேண்டியது வகுப்பு டீச்சர், கையெழுத்துப் போட வேண்டியது தலைமை ஆசிரியை. மார்க் எழுதுகிற இடத்தில் நூற்றுக்கு என்று அச்சடித்திருந்தது. எங்களிடம் இருப்பதோ இருபதுக்கு. தலைமை ஆசிரியையிடம் கேட்டேன். "ஐந்தால் பெருக்கிப் போட்டுடு, வேற என்ன?" என்றார். அவரும் என்னைப் போலவே பழைய பள்ளிக்கூடத்து வார்ப்பு. நானும் சரி என்று பெருக்கினேன். கணக்கில் பதினாலு, எழுபதாயிற்று. தமிழ் பதிமூன்று, அறுபத்தஞ்சு. பிரெஞ்சு பன்னிரண்டு, அறுபது. கூட்டிப் பார்த்தால் சராசரி அறுபத்தஞ்சு. பதிமூன்று என்பது எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் வேறு யாரும் தொடாத சராசரி. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் ஒருவர் இருந்தார். மாயவரத்துக்காரர், கொடி மாறிய பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தவர். நான் மேஜையில் எழுதிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் துணி வெட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"டீச்சர், சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. எங்க பக்கத்துல அறுபத்தஞ்சுன்னா சுமாரான புள்ளைன்னு அர்த்தம். முதல் புள்ளைக்கு எண்பதுக்கு மேல போடுவாங்க. என் அக்கா மவ அந்த ட்ரெயினிங் ஸ்கூல்ல படிச்சவ, எனக்குத் தெரியும்."

"அதுக்காக நான் பொய் மார்க் எழுதணுமா?"

"ஐயையோ, அப்படிச் சொல்வேனா? மார்க்கை விட்டுடுங்க. கடைசிப் பக்கத்துல குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. எங்க பள்ளிக்கூடத்துல மார்க் இப்படித்தான், இந்தப் புள்ளதான் முதல்னு ஒரு வரி எழுதிவிட்டுடுங்க. புரிஞ்சுக்குவாங்க."

அவர் சொன்னது எவ்வளவு சரியான யோசனை என்று இப்போது நீங்கள் வாசிக்கும்போதே தெரிகிறது. பொய்யும் இல்லை, புரட்டும் இல்லை. எனக்கு அப்போது உறைக்கவில்லை. உறைக்காததற்குக் காரணம் சொல்கிறேன், வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். சொன்னவர் தையல் டீச்சர். கணக்கு டீச்சர் சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன்.

"கேட்டதுக்கு மேல எழுதற பழக்கம் நமக்குக் கிடையாது. நீங்க பாவாடைக்கு மடிப்புப் பிடிக்கிறதைப் பாருங்க" என்றேன்.

"உங்க இஷ்டம் டீச்சர்" என்று அவர் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார். அவர் முகம் சுருங்கிப் போனதைப் பார்த்தேன், பார்க்காதது மாதிரி இருந்துவிட்டேன்.

பிறகு இன்னொன்று செய்தேன். பிரெஞ்சு ஆபீஸ் வழக்கம் ஒன்று உண்டு. எந்தக் காகிதத்திலும் காலி இடம் விடக் கூடாது. விட்டால் பின்னால் யாராவது எதையாவது எழுதிச் சேர்த்துவிடுவார்கள் என்று, காலிக் கட்டத்துக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்து அடைத்துவிட வேண்டும். கோடு இழுத்திருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்தவர் என்று பேர். குறிப்புக் கட்டத்தில் ஸ்கேலை வைத்து, மூலைக்கு மூலை, மை சிந்தாமல் அழகாக ஒரு கோடு இழுத்தேன். தலைமை ஆசிரியை பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாதம் கழித்துப் பட்டியல் வந்தது. ஜெய்னம்பு பேர் இல்லை. கீழிருந்து மேலே ஒரு தடவை, மேலிருந்து கீழே ஒரு தடவை வாசித்தேன். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து யார் பேருமே இல்லை.

அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். நின்ற இடத்திலேயே நின்றாள். "என் கணக்கு அவ்வளவு மட்டமா டீச்சர்?" என்று கேட்டாள்.

தங்கைகளே, தம்பிகளே, ஒரு பிள்ளை இப்படிக் கேட்கும்போது உங்களிடம் பதில் இல்லையென்றால், எனக்குத் தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். அதைச் சொல்வதால் ஒன்றும் குறைந்துவிடமாட்டீர்கள். நான், "போட்டி ஜாஸ்தி, என்ன செய்யறது" என்றேன். அவளைவிட கெட்டிக்காரிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். அந்தப் பிள்ளை அப்படித்தான் எடுத்துக்கொண்டது. தலையை ஆட்டிவிட்டு வாசலுக்குப் போயிற்று. உம்மா நின்றுகொண்டிருந்தார். மகள் ஏதோ சொன்னாள், அவர் திரும்பி என் பக்கம் பார்த்தார். நான் ரிஜிஸ்டரைப் புரட்டுகிறவள்போல் குனிந்துகொண்டேன்.

மனசு கேட்கவில்லை. அந்த வாரக் கடைசியில் அவளுடைய விடைத்தாள்களைக் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பேரளத்தில் ரயில் மாறி, மாயவரத்தில் திரும்ப மாறி, போய்ச் சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. பயிற்சிப் பள்ளியின் தலைவி நல்ல மாதிரி. மோர் கொடுத்து உட்காரச் சொன்னார். விடைத்தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கணக்குத் தாளில் வெகுநேரம் நின்றார்.

"இதுக்கா எழுபது போட்டீங்க?"

"எங்க வழக்கத்துல அது பெரிய மார்க்குங்க."

"நான் போட்டிருந்தா தொண்ணூறுக்குக் குறையாது. சரி, இவ வகுப்புல எத்தனையாவது?"

"முதல்."

அவர் எழுந்து போய், அலமாரியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்துவந்து, ஜெய்னம்புவின் பாரத்தை உருவி என் முன்னால் வைத்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"அம்மா, எடுக்கிறதா வேண்டாமான்னு சந்தேகமான பேர் வந்தா நாங்க முதல்ல பாக்கிறது இந்தக் கட்டத்தைத்தான். அறுபத்தஞ்சு வாங்கின புள்ளைங்களை இந்த வருஷம் நாலு பேரை எடுத்திருக்கோம். நல்ல புள்ள, சொல்லிக் கொடுக்கிற திறமை இருக்குன்னு அவங்க டீச்சர் எழுதியிருந்தாங்க. நீங்க கோடு போட்டு அடிச்சிருக்கீங்க. சொல்றதுக்கு நல்லதா ஒண்ணும் இல்லைன்னு டீச்சரே நினைக்கிறாங்கன்னு நாங்க எடுத்துக்கிட்டோம்."

காலியாக விடக் கூடாது என்று இழுத்த கோடு என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, "பட்டியல் உங்க ஊருக்கு வந்து சேர்றதுக்குள்ள இங்க வகுப்பே ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சு, இடமெல்லாம் நிரம்பிடுச்சு. அடுத்த வருஷம் அனுப்புங்க, கண்டிப்பா எடுத்துக்கிறேன்" என்றார். அவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அடுத்த வருஷம் என்ற ஒரு பிடிப்போடு திரும்பி வந்தேன். வழியெல்லாம், அந்த வீட்டில் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். பிசகு என்னுடையது, பெண்ணுடையது அல்ல, ஒரு வருஷம் பொறுங்கள், அவ்வளவுதான். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கே போனேன்.

பெரிய வாப்பா கூடத்தில் இருந்தார். வயசானவர், மரியாதை தெரிந்தவர். "வாங்க டீச்சரம்மா, உக்காருங்க" என்று சொல்லி, உள்ளே தேத்தண்ணிக்குக் குரல் கொடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க புள்ளைக்கு எவ்வளவோ செஞ்சீங்க. நாங்க மறக்கமாட்டோம். அல்லா அவளுக்கு வேற எழுதியிருக்கான். நிக்காஹ் வர்ற மாசம் வச்சிருக்கு. சைகோனுக்கும் கடுதாசி போட்டாச்சு. நீங்க அவசியம் வரணும்."

"ஒரு வருஷம் பொறுத்தா..." என்று இழுத்தேன்.

"பேச்சு குடுத்துட்டோமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "சர்க்கார் கூப்புட்டிருந்தா நானே கொண்டுபோய் விட்டிருப்பேன். புள்ளைக்கு அவ்வளவு அறிவு இல்லைன்னு சர்க்காரே சொல்லிடுச்சு. அதுக்கு மேல தாய்க்காரி பேச்சைக் கேட்டுக்கிட்டு இருக்க முடியுமா?"

திரைச்சீலைக்குப் பின்னால் உம்மா நிற்பது தெரிந்தது. வளையல் சத்தம் கேட்டது. அவர் அதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றார். அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். இல்லைங்க, தப்பு என்னுது, உங்கள் வீட்டுப் பெண்தான் முதல், அவள் தாய் சொன்னது அத்தனையும் நிஜம் என்று. சொல்லியிருந்தால் நிக்காஹ் நின்றிருக்குமா? நின்றிருக்காது என்றுதான் நினைக்கிறேன், அவர்கள் பேச்சு மாறமாட்டார்கள். இனிச் சொல்லி என்ன பிரயோஜனம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளே இருந்த நிஜமான காரணம் அதுவல்ல. சொன்னால் என் பேர் என்னாவது என்ற பயம். காரைக்காலில் கண்டிப்பான டீச்சர், பிசகாத டீச்சர் என்று ஒரு பேர் எடுத்து வைத்திருந்தேனே, அதற்குப் பயந்தேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை நல்ல பையன் என்றார்கள், அப்படியேதான் இருந்தான். அவள் வாழ்க்கை பாழாகிவிட்டது என்று நான் கதை கட்ட மாட்டேன். ஆனால் அந்தத் தெருவிலிருந்து என் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த இன்னும் இரண்டு பெண்களை அடுத்த மாதமே நிறுத்திவிட்டார்கள். இவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளையே சர்க்கார் வேண்டாம் என்றுவிட்டது, இவர்கள் படித்து என்ன ஆகப்போகிறது என்று பேச்சு. புளியங்கொட்டையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் அந்த இரண்டு பேரும்.

நானும் மாறத்தான் செய்தேன். அதற்கப்புறம் எந்தப் பாரத்திலும் குறிப்புக் கட்டத்தை நான் அடித்ததில்லை. இடம் போதாமல் ஓரத்தில் எல்லாம் எழுதி, மேலதிகாரியிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். எந்த ஊருக்கு அனுப்புகிறோமோ அந்த ஊர் வழக்கம் என்ன என்று தெரிந்தவர்களைத் தேடிப் போய்க் கேட்டேன். தையல் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். "போவுது விடுங்க டீச்சர்" என்றார். அவர் மாற்றலாகிப் போகும் வரைக்கும், எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் அவரிடம் காட்டிவிட்டுத்தான் பேனாவைத் திறப்பேன். என் வகுப்பிலிருந்து பின்னால் ஏழெட்டுப் பெண்கள் பயிற்சிக்குப் போனார்கள். எல்லோரும் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள். ஒருத்தியைக் காவு கொடுத்துக் கற்றுக்கொண்ட கெட்டிக்காரத்தனம் அது.

ஜெய்னம்புவின் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. போகலாம், போகலாம் என்று நாள் தள்ளிக்கொண்டே இருந்தேன். ரம்ஜான் வந்தால் போகலாம் என்பேன், ரம்ஜான் வரும், போகும். வழியில் அந்த உம்மாவை இரண்டு மூன்று தடவை பார்த்தேன். முன்னைப்போல் நின்று பேசவில்லை. சலாம் சொல்வதுபோல் கையை மட்டும் அசைத்துவிட்டு, துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விடுவார். என் மேல் வருத்தம் என்று நினைத்தேன். சங்கடமாக இருக்கும், நானும் வேகமாக நடந்துவிடுவேன்.

மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. ஒரு ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம், ஜெய்னம்பு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு குழந்தை. கையில் பத்து வயசுப் பெண் ஒருத்தி.

"இவ எங்க ஊட்டுக்காரர் தங்கச்சி, டீச்சர். இவளைச் சேத்துக்கிடுங்க. எனக்குத்தான் படிப்பு ஏறலை. இவ நல்லாப் படிப்பா."

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு உயரம் பத்தாது என்று சொல்கிற மாதிரி, ஊருக்கே தெரிந்த விஷயத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள். அந்தச் சின்னப் பெண்ணை வெளியே விளையாட அனுப்பிவிட்டு, ஜெய்னம்புவை உட்கார வைத்தேன். பெருக்கின மார்க்கிலிருந்து பயிற்சிப் பள்ளித் தலைவி சொன்னது வரைக்கும், ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். "மூணு வருஷமும் நீதான் முதல். உன்கிட்ட ஒரு குறையும் இல்ல. நான் செஞ்ச தப்பு. தெரிஞ்ச ரெண்டாம் நாளே உங்க ஊட்டுக்கு வந்தேன், சொல்லாமத் திரும்பிட்டேன்" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தாள்.

"இது உம்மாவுக்குத் தெரியுமா டீச்சர்?" என்று கேட்டாள்.

"தெரியாது. இன்னைக்கே வந்து சொல்லிடறேன்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உம்மா மவுத்தாயி நாலு மாசம் ஆச்சு டீச்சர். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்திலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு தாய் போனது எனக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன் அல்லவா.

"படுக்கையில கெடந்தப்பகூட அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க" என்றாள். "பெரிய வாப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டாங்க டீச்சர். இல்லாத அறிவை இருக்குன்னு சொல்லிப் புள்ளையை ஏங்க வச்சுட்டேன், நாலு பேர் உங்களைப் பாத்துச் சிரிக்க வச்சுட்டேன்னு."

பிறகு அந்தச் சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு, என் முன்னால் நிறுத்தி, பேரைச் சொல்லச் சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன்.

பிசகு உங்களுக்கும் நேரும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் நேரும், அதற்காக உங்களை யாரும் தூக்கில் போடமாட்டார்கள். தெரிந்த அன்றைக்கே அந்த வீட்டுக் கதவைத் தட்டி, தப்பு என்னுடையது, உங்கள் பிள்ளையுடையது அல்ல என்று சொல்லிவிடுங்கள். நான் ஒரு தடவை அந்தக் கூடத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேன், வாயைத் திறக்கவில்லை. தான் பெற்ற முதல் மார்க் பிள்ளைக்கு அறிவு போதாது என்று நம்பிக்கொண்டே அந்த அம்மாள் போய்விட்டார்.